ட்ரயான் என்று பெயருள்ளவர்கள்

ஷார்ஜா கடலில் இருந்து
14-2-2005

அன்பு மகள் பானுப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் அம்மாவும் அப்படியே இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன். அம்மா பிரஷர் மாத்திரையை விடாமல் போடுகிறாளா என்று பார்த்துக்கொள்.

ஒரு மாதமாகப் போன் வரவில்லையே என்று புலம்பியிருப்பாள். கப்பல் போன் ரிப்பேர். ஷார்ஜாவிலிருந்து ஆறு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கிறோம். துறைமுகத்தில் இடம் கிடைத்ததும் சரக்கு ஏற்ற வேண்டியதுதான். சில வாரம் ஆகலாம். எங்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுவரும் படகில் கீழக்கரைக்காரர் கௌஸ் முகம்மது வேலை பார்க்கிறார். அவருடைய தபால் பெட்டி எண்ணும் போன் நம்பரும் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். கடிதத்தை அதற்கே அனுப்பு. தண்ணீர் வரும்போது கடிதமும் வந்துவிடும்.

எங்கள் கேப்டன் ருமேனியாக்காரர். ஐம்பத்தெட்டு வயது. பெயர் ட்ரயான். கப்பலில் பதினொரு பேர் இருந்தும் ஒருவர் வாயிலும் அந்தப் பெயர் சரியாக நுழையவில்லை. எஞ்சின் அறை உமாபதி ‘ட்ரெயின் சார்’ என்றே கூப்பிடுகிறான். நேற்று நான் ரசம் கொண்டுபோய்க் கொடுத்தபோது கேப்டன் அரைகுறை இந்தியில் சொன்னார்: “ராமையா, உன் பேரு ஒரு ராஜாவோட பேருன்னு பெருமை பேசினியே, என் பேரும் சின்னப் பேரு இல்ல. எங்க ஊர்ல அந்தப் பேரு வச்சவங்க பெரிய பெரிய காரியம் செஞ்சிருக்காங்க. நான்தான் இங்க நின்னுட்டிருக்கேன்.”

நீ பி.ஏ. வரலாறு படிக்கிறவள். யார் யார் என்று பார்த்து எழுதேன். இந்த மனிதருக்கு ஒரு சந்தோஷம் கொடுத்த மாதிரி இருக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா ராமையா


முத்தையாபுரம், தூத்துக்குடி
20-3-2005

அப்பாவுக்குப் பானு வணக்கத்துடன் எழுதுகிறேன். கடிதம் பதினெட்டு நாள் கழித்து வந்தது. நாங்கள் சுகம். வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. அங்கே எப்படி?

கேப்டனிடம் சொல்லுங்கள், அவர் பெயர் உண்மையிலேயே பெரிய பெயர்தான். எங்கள் பாடப் புத்தகத்தில் ட்ராஜன் என்று இருக்கிறது, ரோமாபுரிச் சக்கரவர்த்தி. இப்போதைய ருமேனியா இருக்கும் இடத்தில் அன்று டாசியா என்றொரு நாடு இருந்தது. ட்ராஜன் டான்யூப் ஆற்றின் மேல் பாலம் கட்டிப் படையோடு போய் அந்த நாட்டை ஜெயித்தார். டாசியாவின் ராஜா டெச்செபல் பிடிபடாமல் தன்னையே மாய்த்துக்கொண்டார்.

எனக்கு ஒரு சந்தேகம். தங்கள் நாட்டைத் தோற்கடித்தவன் பெயரை அவர்கள் எதற்குப் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள்? எங்கள் வரலாற்று மிஸ்ஸிடம் கேட்டேன். “உங்கப்பாவோட கேப்டன்கிட்டயே கேளு” என்று சொல்லிவிட்டார்.

அம்மாவிடம் அப்பாவுக்கு என்ன எழுத என்று கேட்டேன். சொன்னபடியே எழுதுகிறேன்: “ஊருக்கெல்லாம் சமைச்சுப் போடுத மனுசனுக்குத் தான் சாப்பிடத் தெரியாதா? அதையெல்லாம் நான் கேக்க மாட்டேன். மேக்க ஓடு ஒழுகுது. கடல்ல நின்னு காத்து வாங்குனது போதும், வந்து மாத்தச் சொல்லு.”

அன்பு மகள்,
பானு


ஷார்ஜா கடல்
17-4-2005

செல்ல மகளுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். சுகமாக இருக்கிறேன். இங்கே வெயில் இரும்பில் இறங்கிவிட்டது. டெக்கில் செருப்பில்லாமல் கால் வைக்க முடியவில்லை.

உன் கடிதத்தைக் கேப்டனுக்கு இந்தியில் சொன்னேன். சந்தேகத்தையும் மறைக்காமல் கேட்டேன். அவர் வாய்விட்டுச் சிரித்ததை இந்தக் கப்பலில் ஏறிய பிறகு அன்றுதான் பார்த்தேன். “உன் மகள்கிட்ட சொல்லு. எங்கப்பா மூத்தவனுக்கு ட்ரயான்னு வச்சாரு, இளையவனுக்கு டெச்செபல்னு வச்சாரு. ஜெயிச்சவனும் தோத்தவனும் ஒரே கட்டில்ல படுத்தோம், ஒரே சட்டியில சாப்பிட்டோம். தினம் அடிச்சுக்கிட்டோம். முக்காவாசி நாள் டெச்செபல்தான் ஜெயிப்பான்.”

அவர் ஊர் கான்ஸ்டன்சா. நம் தூத்துக்குடி போல அதுவும் துறைமுக ஊராம். மனைவி இல்லை. ஒரே மகள் இத்தாலியில் வேலை பார்க்கிறாள். தினம் ஒரு தடவை, “ராமையா, லைப்ரரியில இருந்து லெட்டர் வந்துச்சா?” என்று கேட்கிறார். லைப்ரரி என்பது உனக்கு அவர் வைத்த பெயர். இன்னும் யாராவது இருந்தால் தேடி எழுது.

இங்கே தினமும் மீன்தான். தூண்டில் போட்டால் பாரையும் விளைமீனும் தாராளமாகக் கிடைக்கிறது. அரிசியைக் குறைத்துக்கொண்டால் உடம்புக்கு நல்லது என்று எல்லோரும் குறைத்துவிட்டோம். இடம் கிடைத்ததும் கப்பல் நகரும். ஓடு மாற்ற ஆசாரியைக் கூப்பிட்டுக்கொள்ளச் சொல், என்னைத் திட்டுவதை நிறுத்தச் சொல்.

அப்பா


முத்தையாபுரம்
5-6-2005

அன்புள்ள அப்பாவுக்கு, இங்கு அனைவரும் நலம். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னியுங்கள். தேர்வு வேலை இருந்தது.

இன்னும் இரண்டு ட்ரயான்கள் கிடைத்தார்கள். ஒருவர் ட்ரயான் வூயா. விமானம் கண்டுபிடிக்கப் பலர் முட்டி மோதிக்கொண்டிருந்த காலத்தில், 1906இல், பாரிஸ் பக்கத்தில் தானே செய்த இயந்திரத்தில் ஏறி, தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் எழும்பி, பன்னிரண்டு மீட்டர் தூரம் பறந்தாராம். அதோடு காற்று இழுத்துப்போய் ஒரு மரத்தில் மோதிவிட்டது. ஆள் பிழைத்துக்கொண்டார்.

இன்னொருவர் இப்போது இருப்பவர். போன டிசம்பரில் ருமேனியாவுக்குப் புது ஜனாதிபதி வந்திருக்கிறார். அவர் பெயரும் ட்ரயான். முன்பு கப்பல் கேப்டனாக இருந்தவராம். பிரவுசிங் சென்டரில் பார்த்தேன். கேப்டனுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லுங்கள்.

அம்மா நன்றாக இருக்கிறாள். உங்களை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள். உடம்பைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். எங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றாள்.

பானு


ஷார்ஜா கடல்
3-7-2005

மகள் பானுவுக்கு, அப்பா உயிரோடும் புத்தியோடும் இருக்கிறேன். முதலில் அதைத் தெரிந்துகொள்.

விமானக்காரர் கதையைக் கேட்டுக் கேப்டன் ரசித்தார். “ஒரு மீட்டர்னா என்ன, தரையை விட்டு எழும்பிட்டான்ல” என்றார். ஜனாதிபதியைச் சொன்னதும் தலையை ஆட்டினார். “தெரியும். அவரும் என்னை மாதிரி கப்பல் ஓட்டினவர். அவர் இறங்கிட்டாரு” என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மூன்று நாள் வரவில்லை. வேளைக்கு வேளை கதவடியில் டீ வைத்தேன். நான்காம் நாள் காலிக் கோப்பையை அவரே எடுத்துவந்து கழுவி வைத்தார். உன் மேல் தப்பில்லை. ஆனால் இனிமேல் உன்னிடம் பொய் எழுத எனக்குக் கை வரவில்லை.

போன் ரிப்பேர் இல்லை, பானு. பணம் கட்டாததால் இணைப்பை வெட்டிவிட்டார்கள். கப்பல் முதலாளி ஜனவரியிலேயே துபாய் ஆபீசைப் பூட்டிவிட்டுப் போய்விட்டான். எங்கே இருக்கிறான் என்று யாருக்கும் தெரியவில்லை. சரக்கும் இல்லை, இடத்துக்குக் காத்திருக்கவும் இல்லை. டீசல் தீர்ந்துகொண்டு வருவதால் ஜெனரேட்டர் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான். அரிசியும் மருந்தும் கடலோடிகளுக்கு உதவும் ஒரு தொண்டு அமைப்புப் படகில் அனுப்புகிறது. விசா இல்லாமல் கரையில் கால் வைத்தால் ஜெயில். ஆளில்லாத கப்பல் மற்ற கப்பல்களுக்கு ஆபத்து என்று துறைமுக அலுவலகமும் எங்களை விடுவதில்லை. உடம்பு முடியாத நான்கு பேரை மட்டும் இறக்கினார்கள். ஏழு பேர் மிச்சம்.

நான் சொல்லிவிட்டேன். இப்போது நீ சொல். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் உன் அம்மா திட்டாமல் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்பியது கிடையாது. போன கடிதத்தில் இருந்தது அவள் பேச்சு இல்லை. அவளுக்கு என்ன?

அப்பா


முத்தையாபுரம்
12-8-2005

அப்பா,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். சுகம் கேட்டு ஆரம்பிக்க முடியவில்லை.

ஏப்ரல் 26ஆம் தேதி காலையில் அம்மா தண்ணீர்க் குடத்தோடு கீழே விழுந்தாள். பக்கவாதம். வலது கையும் காலும் வரவில்லை. பேச்சு போய்விட்டது. பெரியாஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தோம். இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். நாம் சொல்வது எல்லாம் புரிகிறது. பதில் சொல்ல வாயைத் திறப்பாள், காற்றுதான் வரும். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். நான் தேர்வு எழுதவில்லை. கல்லூரிக்கும் போவதில்லை. சனிக்கிழமை மட்டும் பக்கத்து வீட்டு மதீனா பீவி அக்கா அம்மாவிடம் இருப்பார்கள். அந்த ஒரு மணி நேரத்தில்தான் ட்ரயான்களைத் தேடினேன். உங்களுக்கு எழுத என்னிடம் வேறு நல்ல செய்தி எதுவும் இல்லை.

கப்பல் விஷயம் எனக்கு மே மாதமே தெரியும். ஆஸ்பத்திரியில் இருந்து கௌஸ் மாமாவுக்குப் போன் போட்டேன். உங்களை அனுப்பச் சொல்லிக் கெஞ்சினேன். முதலில் கப்பலில் எல்லாம் சுகம் என்றே சொல்லிப் பார்த்தார். பிறகு, “உங்க வாப்பா சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரும்மா. ஆனா நீ இப்படிக் கேக்கையில எப்புடி மறைக்கிறது” என்று எல்லாவற்றையும் சொன்னார். நானும் அவரிடம் ஒரு சத்தியம் வாங்கினேன், அம்மாவைப் பற்றி உங்களிடம் சொல்லக் கூடாது என்று. உங்களால் வர முடியாது என்று தெரிந்த பிறகு சொல்லி என்ன செய்ய? பாவம், இரண்டு பேர் ரகசியத்தையும் வைத்துக்கொண்டு அவர் எப்படி உங்களுக்குத் தண்ணீர் ஊற்றினாரோ.

அம்மா கேட்கும்படி உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். ‘திட்டாமல் சொல்லியனுப்பியது கிடையாது’ என்ற இடத்தில் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

பானு


ஷார்ஜா கடல்
4-9-2005

மகளே,

கடிதம் கிடைத்தது. கேப்டனிடம் சொன்னேன். அவர் அடுத்த தண்ணீர்ப் படகிலேயே துறைமுக அலுவலகத்துக்கு எழுதினார். சமையல்காரர் இல்லாமல் கப்பலை விட முடியாது, மாற்று ஆள் வந்தால்தான் இறங்கலாம் என்று பதில் வந்தது. மாற்று ஆளை முதலாளிதான் அனுப்ப வேண்டும். முதலாளி எங்கே?

இனி ஒன்றையும் மறைப்பதில்லை என்று இருக்கிறேன், அதனால் இதையும் எழுதுகிறேன். பகலில் டெக்கில் நின்றால் ஷார்ஜா கட்டடங்கள் வரிசையாகத் தெரியும். ஆறு மைல்தானே, நீந்திவிடலாம் என்று போன வாரம் ஏணியில் பாதி இறங்கிவிட்டேன். உமாபதி பார்த்துவிட்டான். சத்தம் போடாமல் வந்து மேல்படியில் உட்கார்ந்தான். “அண்ணாச்சி, மத்தியானம் என்ன சமைக்கணும்?” என்று கேட்டான். ஏறி வந்து அரிசி களைந்தேன்.

அவளை ஒரே பக்கமாகப் படுக்கவிடாதே, புண் வரும். சாதத்தைக் குழைத்துக் கொடு. அவளுக்குக் கோபம் வந்தால் வரட்டும், விடு. வேறு என்ன சொல்ல என்று தெரியவில்லை.

அப்பா


முத்தையாபுரம்
25-9-2005

அப்பாவுக்கு,

அம்மா நேற்று இடது கையால் தானே தம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடித்தாள். புண் இல்லை. குழைத்த சாதத்தைத் துப்புகிறாள், நீங்கள் சொன்னபடியே விட்டுவிட்டேன். ஏணிப் பக்கம் போகாதீர்கள். உமாபதி மாமாவுக்கு நான் வணக்கம் சொன்னதாகச் சொல்லுங்கள்.

எங்கள் மிஸ் வீட்டுக்கு வந்து அம்மாவைப் பார்த்தார்கள். போகும்போது ரோமாபுரி வரலாறு ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். அதில் இருந்ததைக் கேப்டனிடம் சொல்லுங்கள். ட்ராஜன் சக்கரவர்த்தி வயதான காலத்தில் கிழக்கே படையெடுத்து வந்தார். கி.பி. 116இல் பாரசீக வளைகுடாக் கரைக்கே வந்து சேர்ந்தார். நீங்கள் நிற்கும் அதே கடல், அப்பா, வடக்குக் கோடியில். அங்கே ஒரு கப்பல் இந்தியாவுக்குப் புறப்பட்டுப் போவதைப் பார்த்தாராம். “எனக்கு வயசு மட்டும் இருந்திருந்தா நானும் இந்தியாவுக்குப் போயிருப்பேன்” என்று சொன்னாராம்.

இவ்வளவுதான் இருக்கிறது.

பானு


கடலோடிகள் விடுதி, துபாய்
30-10-2005

அன்பு மகளுக்கும் மீனாம்பாளுக்கும்,

நேற்றுப் போனில் உன் குரலைக் கேட்டேன். ‘வர்றேன்’ என்று மட்டும் சொன்னேன். மற்றதை எழுதுகிறேன். தொண்டு அமைப்பு எடுத்துக் கொடுக்கும் டிக்கெட்டுக்கு இன்னும் இரண்டு வாரம் ஆகும், இந்தக் கடிதம் முன்னால் வந்துவிடும்.

போன செவ்வாய்க்கிழமை துறைமுக அதிகாரி ஆட்களைச் சரிபார்க்கக் கப்பலுக்கு வந்தார். கேப்டன் ஆள் பட்டியலை நீட்டினார். அதில் என் பெயரை அடித்துவிட்டு, சமையல்காரர் என்ற இடத்தில் அவருடைய பெயரையே எழுதியிருந்தார். எனக்கு அதுவரை தெரியாது.

அதிகாரி கேட்டார், “நீங்க கேப்டன்தானே?”

“ஆமா. சமையலும் நானே.”

“அப்படி எழுத முடியாது.”

“கேப்டன் சமைக்கக் கூடாதுன்னு எந்த விதியில இருக்கு? காட்டுங்க. ஒரு வாரமா நான்தான் சமைக்கிறேன், இவங்ககிட்ட கேளுங்க.”

அது பொய். ஆனால் எல்லோரும் தலையாட்டினார்கள். உமாபதி ஒரு படி மேலே போய், நன்றாகவே சமைக்கிறார் என்று சொன்னான். அதிகாரி கேப்டன் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “வீட்டுல யாருக்கு முடியல?” என்று கேட்டார். சொன்னேன். கையெழுத்துப் போட்டார்.

ஏணி வரைக்கும் கேப்டன் என் பையைத் தூக்கிவந்தார். நான் அவர் கையைப் பிடித்து, “நீங்களும் வந்திருக்கலாமே சார்” என்றேன். முட்டாள்தனமான பேச்சு. கேப்டன் கடைசியாகத்தான் இறங்க முடியும். அவர் சொன்னார்: “ராமையா, அந்தச் சக்கரவர்த்தி இந்தியா போற கப்பலைப் பார்த்தாரே, அதுக்கு அப்புறம் நடந்ததை உன் மகள் எழுதல. ஊருக்குத் திரும்பிப் போற வழியிலயே அவர் செத்துப்போனாரு. எங்க ஊர்ல ஸ்கூல் பசங்களுக்கே தெரியும். அதை எழுதாம விட்டதுக்கு அவளுக்கு என் நன்றியைச் சொல்லு.”

படகு வெகுதூரம் வந்த பிறகும் அவர் ஏணி மேலேயே நின்றார். மீனாம்பா, நான் வருகிறேன். ஆனால் அந்த மனிதரை அங்கே விட்டுவிட்டு வருகிறேன் என்பதும் உனக்குத் தெரியட்டும்.

ராமையா


ஷார்ஜா தொழில்பேட்டை
21-5-2006

மரியாதைக்குரிய ராமையா அண்ணனுக்குக் கௌஸ் முகம்மது எழுதுவது. இறைவன் கருணையால் நான் சுகம். மதினிக்கும் பானுவுக்கும் என் துஆ எப்போதும் உண்டு.

பிப்ரவரியில் ஷமால் என்கிற வடமேற்குப் புயல்காற்றில் கப்பலின் நங்கூரச் சங்கிலி அறுந்து, அஜ்மான் பக்கம் மணலில் ஏறிவிட்டது என்று போனில் சொன்னேன் அல்லவா. ஒருவருக்கும் அடி இல்லை. உமாபதியும் மற்ற நான்கு பேரும் மார்ச்சில் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். கேப்டனை மட்டும் விடவில்லை. கப்பல் கரையேறியதற்குப் பொறுப்பு அவர்தான் என்று விசாரணை. பத்து வாரத்துக்கு மேல் ஒரு அறையில் வைத்திருந்தார்கள். வெள்ளிக்கிழமை தோறும் சோறு கொண்டுபோனேன். மனுஷன் குறை ஒன்றும் சொல்லமாட்டார். “கடல்ல பதிமூணு மாசம், தரையில மூணு மாசம். தரையில ஜன்னல் சின்னது” என்று ஒரு நாள் சொன்னார், அவ்வளவுதான்.

போன வியாழக்கிழமை விசாரணை முடிந்து விட்டுவிட்டார்கள். கப்பல் முதலாளிதான் குற்றவாளி என்று எழுதினார்களாம். போலீஸ்காரர் ஒருவர் கூட வர, என் கூட்டாளி வேனிலேயே ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போனோம். வழியில் ஒரு ரவுண்டானா வந்தது. நடுவில் புல்வெளி, தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருந்தது. கேப்டன் என் தோளைத் தொட்டு, “ரெண்டு நிமிஷம்” என்றார். போலீஸ்காரர் மணியைப் பார்த்தார், பிறகு சரி என்றார். கேப்டன் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிவிட்டு ஈரப் புல்லில் போய் உட்கார்ந்தார். ஒன்றும் செய்யவில்லை, காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டிகள் சுற்றிச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தன. இரண்டு நிமிஷம் கால் மணி நேரமானது. போலீஸ்காரரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு அவராகவே எழுந்து, பேண்ட் நனைந்திருந்ததைத் தட்டிவிட்டு, “யல்லா, போலாம்” என்றார்.

மறுநாள் அவர் மகள் எனக்குப் போன் செய்தார். வந்து சேர்ந்துவிட்டாராம்.

உங்கள் தம்பி,
கௌஸ் முகம்மது


முத்தையாபுரம்
11-6-2006

தம்பி கௌஸ் முகம்மதுவுக்கு ராமையா அண்ணன் எழுதுவது. நான் இங்கே ஒரு கல்லூரி விடுதியில் சமையல் வேலைக்குப் போகிறேன். பானு விட்ட இடத்திலிருந்து படிக்கப் போகிறாள். நீங்கள் எங்களுக்குச் செய்ததைக் கடிதத்தில் எழுத எனக்குப் படிப்பு போதாது.

உங்கள் கடிதத்தை மீனாம்பாளுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. கேப்டன் சேர்ந்துவிட்டார் என்ற வரி வந்ததும் நான் அழுதுவிட்டேன், அவள் அழவில்லை. கடிதத்தின் மேல்வரிகள் பக்கம் விரலை நீட்டினாள். எந்த இடம் என்று தேடினேன். கேப்டன் புல்லில் உட்கார்ந்த இடத்தைக் காட்டினாள். படித்தேன். மறுபடியும் விரலை வைத்தாள். மூன்று தடவை படித்தேன். பிறகு அந்த இடது கையாலேயே வாசல் கதவைக் காட்டினாள்.

எங்களுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது, தம்பி. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த நாளிலிருந்து ஒரு வருஷமாக அவள் அந்த ஒரே அறையில் கிடக்கிறாள். மருந்து கொடுத்தோம், குளிப்பாட்டினோம், சோறு ஊட்டினோம். வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை, பானுவுக்கும் தோன்றவில்லை. கடலில் அவ்வளவு காலம் அடைபட்டுக் கிடந்தும் எனக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் நானும் பானுவும் அவளை நாற்காலியோடு தூக்கித் தெருவில் கொண்டுவந்து வைத்தோம். எங்கள் தெருவில் புல் ஏது, உப்பு மண்தான். செருப்பைக் கழற்றச் சொல்லிக் காலைக் காட்டினாள். கழற்றி, அவள் பாதங்களைத் தரையில் வைத்தேன். மதீனா பீவி வந்து பக்கத்தில் நின்றார். காற்று வந்துகொண்டிருந்தது. போகிறவர்கள் நின்று நின்று அவளிடம் பேசிவிட்டுப் போனார்கள்.

தெருவிளக்கு எரிந்த பிறகு, “உள்ள போவமா?” என்று கேட்டேன். தலையை ஆட்டினாள், மாட்டேன் என்று.

ராமையா